தொண்ணூற்றாறு வரிகள்

காற்றாலையில் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே சேர்வதற்கு முன் மூன்று வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியிருந்தாள், அவ்வளவுதான். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

மேட்டின் மேல் வரிசையாக முப்பத்து நான்கு காற்றாடிகள். அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஆபீஸ். அதில் ஜன்னலோர மேசை அவளுடையது. அவளுடைய வேலையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விளக்குவதற்குள் அவள் கணவனுக்கு வாய் வலித்துவிடும். "காத்து எவ்வளவு அடிக்குதுன்னு கவர்மெண்டுக்குக் கோள் சொல்ற வேல" என்பான். அவன் வீட்டிலேயே தையல் மிஷின்களைப் பழுது பார்ப்பவன். எதையும் எண்ணெய் போட்டுச் சரியாக்கிவிடலாம் என்று நம்புகிறவன்.

கோள் சொல்வது என்றாலும் தப்பில்லை. நிலக்கரியை அள்ளிப் போடலாம், அணையைத் திறந்துவிடலாம். காற்றையும் வெயிலையும் யாரும் வரச்சொல்ல முடியாது. அதனால் அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிறவர்கள் எல்லாரும் எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் என்று பங்கிடும் கன்ட்ரோல் ரூமுக்குக் கால் மணிக்கு ஒரு தடவை தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. எத்தனை காற்றாடி ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் வருகிறது, மேட்டில் நட்டிருக்கும் கம்பத்தின் உச்சியில் காற்றின் வேகம் என்ன, திசை என்ன. ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கட்டம் உண்டு. நல்லது, சந்தேகம், கெட்டது என்ற மூன்றில் ஒன்றை அதில் போட வேண்டும். அளவை நம்பலாமா கூடாதா என்று அனுப்புகிறவரே சொல்லிவிடுவது. மூன்று நாள் தொடர்ந்து 'கெட்டது' என்று போனால், சரிசெய்யும்வரை காற்றாலையை நிறுத்திவைக்க வேண்டும்.

கன்ட்ரோல் ரூமில் பகல் ஷிப்டில் இருந்தவரோடு அவளுக்கு ஆறு வருடப் பழக்கம். முகம் பார்த்ததில்லை. குரல்தான். அவர் அவளைக் காத்தக்கா என்பார். அவள் தம்பி என்பாள்.

"காத்தக்கா, என்ன இன்னிக்கு உங்க ஊரு மூச்சே விடல?"

"நாங்க என்ன தம்பி பண்றது, ஊதிவிடவா முடியும்?"

இப்படித்தான் அவர்கள் பேச்சு போகும். அவள் மகளுக்கு ஜுரம் என்றால் அடுத்த நாள் மறக்காமல் கேட்பார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று இவள் சொல்வாள்.

ஒரு மழைநாளில் கம்பத்தில் இடி விழுந்தது. உச்சியில் கிண்ணம் கிண்ணமாகச் சுழலும் சக்கரம் நின்றுவிட்டது. அதன் அளவைப் பதிந்து அனுப்பும் ரெக்கார்டர் கருகிப்போனது. அன்று முழுக்க அவள் கட்டத்தில் 'கெட்டது' என்று போட்டாள். மறுநாளும் போட்டாள். மாலையில் மேனேஜர் அவள் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் அது உத்தரவு இல்லை, உதவி கேட்கிறார் என்று அர்த்தம்.

"டீச்சர், புது ரெக்கார்டருக்குச் சொல்லியாச்சு. பத்து நாள்ல வந்துடும். அதுக்குள்ள நாளைக்கும் கெட்டதுன்னு போச்சுன்னா முப்பத்து நாலையும் நிறுத்தணும். காத்தாடி எல்லாம் நல்லாத்தான் ஓடுது. கரண்டு நல்லாத்தான் போகுது. கம்பம் மட்டும்தானே? போன மாசத்து நம்பரப் பாத்து அங்கங்க கொஞ்சம் மாத்திப் போடுங்க. உங்களுக்கா தெரியாது?"

"சார், அது..."

"பத்தே நாள்."

அவள் போட்டாள். முதல் நாள் கை கூசியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஒரு வாரத்தில், சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும், அதில் ஒரு சாமர்த்தியம்கூட வந்துவிட்டது. காற்று விடியலில் எப்படித் தணியும், பதினோரு மணிக்கு எப்படி ஏறும், வெயில் தாழ எப்படித் தயங்கும் என்று ஆறு வருடமாகப் பார்த்தவள். காலையில் வந்ததும் அன்றைக்கும் அன்றிரவுக்குமான எல்லா வரிகளுக்கும் காற்றின் அளவை எழுதிவைத்துவிடுவாள். கால் மணிக்கு ஒன்றாகக் கம்ப்யூட்டரே அனுப்பிக்கொள்ளும். கடைசிக் கட்டத்தில் எல்லாம் 'நல்லது'.

பத்து நாள் இருபதானது. இருபத்தாறாம் நாள் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தாள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது.

"காத்தக்கா, ஒண்ணு கேக்கணும். உங்ககிட்டேருந்து முழுசா வந்துட்டிருக்கு. அதான் கேஸ்ல கரண்டு எடுக்குற மிஷின் ஒண்ண நிறுத்தச் சொல்லி மேல சொல்றாங்க. பக்கத்து கிரிட்டுலேருந்து கரண்டு வாங்குற லைன் வேற இன்னிக்கு ரிப்பேர்ல இருக்கு. நீங்க சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் இப்படியே ஓடுமா?"

அவள் ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தாள். இறக்கைகள் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. வானம் வெளுப்பாக இருந்தது.

"ஓடும் தம்பி."

"நிச்சயமா?"

"நிச்சயமா" என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காற்று நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காற்றாடி தன்னால் ஆன முழு மின்சாரத்தையும் கொடுத்துவிடும். அதற்குமேல் காற்று பதினைந்தானாலும் இருபதானாலும் வருகிற மின்சாரம் ஒன்றுதான். இருபத்தைந்தைத் தொட்டால் இறக்கை முறியாமலிருக்கத் தானே நின்றுவிடும். ஆகவே தொலைவில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, முழுசாக வந்துகொண்டே இருக்கும், பிறகு திடீரென்று ஒன்றுமே இருக்காது. முன்கூட்டி எச்சரிக்கக்கூடியது கம்பத்தின் உச்சியில் இருக்கும் சக்கரம் ஒன்றுதான்.

பள்ளியில் வகுப்பாசிரியை மகளின் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. காற்றாலை டீச்சர் எழுந்து பார்த்தாள். மைதானத்தில் புழுதி சுவர்போல எழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. கொடிக்கம்பத்தின் கயிறு விடாமல் கம்பத்தை அறைந்துகொண்டிருந்தது. மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர நேரமில்லாமல் சாய்ந்தபடியே நின்றன. இங்கே இப்படியென்றால் மேட்டில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடிகாரம் இரண்டு ஐம்பத்தாறு. மூன்று மணிக்குப் போக வேண்டிய வரியில் காலையில் தான் என்ன எழுதினாள் என்பதும் நினைவிருந்தது. பன்னிரண்டு புள்ளி ஏழு. நல்லது.

"ஒரு நிமிஷம்" என்று வராந்தாவுக்கு ஓடினாள். கன்ட்ரோல் ரூம் எண்ணை அழுத்தினாள். பிஸி. மறுபடியும் பிஸி. மேனேஜரை அழைத்தாள்.

"சார், காத்து ஏறுது. காத்தாடி நின்னுடும். கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்க. நான் அனுப்பின நம்பர் வேற..."

"நின்னா நிக்கட்டும் டீச்சர், அதுக்குத்தானே பிரேக் வச்சிருக்கான்? நீங்க பதறாதீங்க. மீட்டிங்க முடிச்சிட்டு வாங்க."

மூன்றாம் தடவை கன்ட்ரோல் ரூம் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தபோது வகுப்பறையின் மின்விசிறி மெதுவாகி நின்றது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கரண்டு போனால் எல்லாப் பிள்ளைகளும் கத்துகிற சந்தோஷக் கத்தல்தான்.

நான்கு நிமிடத்தில் முப்பத்து நான்கும் நின்றிருந்தன. கேஸ் மிஷின் அணைந்து கிடந்தது, சூடேற முக்கால் மணி நேரம் வேண்டும். பக்கத்துக் கிரிட்டிலிருந்து கடன் வாங்க வழியில்லை. மொத்தமும் சரியாமலிருக்க வேண்டுமானால் சில பகுதிகளை உடனே வெட்டிவிட வேண்டும். எந்த வரிசையில் வெட்டுவது என்று கன்ட்ரோல் ரூமில் பட்டியல் இருக்கும். பட்டியல்படி வெட்டினார்கள். ஐம்பது நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது.

மறுநாள் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாவது மாடியில், நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் மிஷினோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒருவர், கரண்டு போன நேரத்தில் இறந்துபோனார். முன்னாள் தபால்காரர், வயது ஐம்பத்தெட்டு. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரில் காற்று தீர்ந்து, அதை நிரப்பி எடுத்துக்கொண்டு அவர் மனைவி லிஃப்டில் ஏறியிருந்தார். லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. கரண்டு வரும்வரை அந்த அம்மா சிலிண்டரோடு உள்ளேயே இருந்தார். செய்தி அவ்வளவுதான். அதற்குக் கீழே பள்ளிச் சீருடை விளம்பரம்.

டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள். அவன் படித்தான்.

"நான்தாங்க" என்றாள்.

"காத்து அடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"காத்து அவ்வளவு அடிக்கலன்னு எழுதினேனே."

அவன் கையிலிருந்த ஊசிப்பெட்டியை மூடி, திறந்து, மறுபடி மூடினான். "இப்பப் போய்ச் சொன்னா அந்த மனுஷன் எந்திரிச்சு வந்துடுவாரா? நம்ம பொண்ண நெனச்சுப் பாரு." பிறகு அவனே, "சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு. நான் தடுக்கல" என்றான். அவனுக்கு எண்ணெய் போடத் தெரியாத இடம் அது.

மூன்றாம் நாள் புது ரெக்கார்டர் வந்து கம்பத்தில் ஏறியது. கருகிய பழையதை யாரோ குப்பையோடு கொண்டுபோய்விட்டார்கள். அந்த வாரக் கடைசியில் அவளுக்குத் தெரிந்தது, கன்ட்ரோல் ரூம் தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள் என்று. கையிருப்பு இல்லாமல் கேஸ் மிஷினை அணைத்தது அவர் குற்றம். அணைக்கச் சொன்ன மேலிடம் யாருக்கும் நினைவில்லை.

ஒன்பதாம் நாள் அவள், கரண்டு போனதை விசாரித்துக்கொண்டிருந்த ஆபீசுக்குப் போனாள். விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுதும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி அவளுக்குக் காட்டினார்.

"பாருங்கம்மா. உங்க காத்தாலையிலேருந்து ஒரு வரிகூட விடுபடல. ஒண்ணுகூட லேட்டா வரல. எல்லாத்துலயும் 'நல்லது'. இத யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"அப்போ அது நல்லதுன்னு சொன்னதும் நீங்க. இப்ப இல்லேங்கறதும் நீங்க."

"இல்ல சார், கம்பம் கருகிப் போச்சு. ரெக்கார்டரே..."

"எங்கம்மா இருக்கு அந்த ரெக்கார்டர்? உங்க மேனேஜர் எழுத்துல குடுத்திருக்காரு, கம்பம் நல்லாருந்துச்சு, புதுசு மாட்டினது வழக்கமான பராமரிப்புன்னு. நீங்க ஆரம்பத்துல ரெண்டு நாள் கெட்டதுன்னு போட்டிருக்கீங்க, அப்புறம் சரியாயிடுச்சுன்னுதானே இதுல இருக்கு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணு. அனுப்பின அளவு தப்புன்னா நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள திருத்தி அனுப்பணும். அதுக்கப்புறம் வந்தா எடுத்துக்க விதில எடமில்ல. நான் எடுத்தா என்னையும் கேப்பாங்க."

"எங்கிட்டதான் தப்புன்னு எழுதிக்கோங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

"எதுல எழுத?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவரிடம் அதற்கான தாள் இல்லை.

கன்ட்ரோல் ரூம் தம்பியின் வீட்டு விலாசத்தை அவள் அலைந்து கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தவரைப் பார்த்து, "தம்பி இருக்காங்களா?" என்று கேட்டாள். திறந்தவர் முன்வழுக்கை விழுந்து, காதோரம் முழுக்க நரைத்து, அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருந்தார்.

"காத்தக்காவா?" என்றார் அவர்.

இருவருக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

சின்னக் கூடம். சுவரோரம் அட்டைப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன, குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இடி விழுந்தது, மேனேஜர் நாற்காலி இழுத்துப் போட்டது, இருபத்தாறு நாள் எழுதியது.

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"எனக்குத் தெரியும்க்கா."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"ரெண்டாவது வாரமே தெரிஞ்சிடுச்சு. புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பரு. மூணு, ஏழு, ஆறு, எட்டு. ஒரு தடவைகூட சைபர் வரல, அஞ்சு வரல. நெசக் காத்துக்கு அதெல்லாம் தெரியாதுல்ல? மனுஷங்கதான் பாத்துப் பாத்துத் தவிர்ப்பாங்க."

"ஏன் தம்பி சொல்லல?" அந்தத் 'தம்பி'யை மாற்ற வாய் வரவில்லை.

"சொன்னா நீங்க போட்ட 'நல்லது' மேல நான் 'சந்தேகம்'னு போடணும். போட்டா உங்க காத்தாலைக்கு ஆளு வரும். மொதல்ல உங்க வேலதான் போகும், மேனேஜருக்கு ஒண்ணும் ஆகாது. பொண்ணு பெரிய கிளாஸுக்குப் போகுதுன்னு சொல்லிட்டிருந்தீங்க. கம்பம் பழுதாயிருக்கும், பத்துப் பதினஞ்சு நாள்ல மாத்திடுவாங்க, போகட்டும்னு விட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "அதனாலதான் அன்னிக்கு போன் போட்டுக் கேட்டேன். நம்பர நான் நம்பலக்கா. உங்க வாய நம்பினேன்."

உள்ளே பாத்திரம் ஏதோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. டீச்சர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"விசாரணைல நீங்க இதச் சொன்னா, நான் எழுதினது பொய்னு நிரூபணமாயிடும். உங்க மேல தப்பில்லன்னு ஆயிடும்" என்றாள்.

"ஆகாது. தெரிஞ்சும் மறைச்சேன்னு ஆகும். இப்போ அசட்டை. அப்போ குத்தம்." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பட்டியல்ல ஏழாவது பகுதிய, அந்தத் தபால்காரர் இருந்த பகுதிய வெட்டினது என் கைதான். அது போதும் எனக்கு. இவளுக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்."

கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தார். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட வேல பாத்த ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. இவர் மேல தப்பில்லன்னு நீங்களாவது நம்புறீங்களே, அது போதும்மா." டீச்சரால் கையை உருவிக்கொள்ள முடியவில்லை. தலையை ஆட்டினாள்.

அடுத்த மாதம் அவருக்கு வேலை போய்விட்டது. எங்கே போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. விசாரணை அறிக்கையில் காற்றாலையைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: தகவல்கள் இடைவெளியின்றி, விதிமுறைப்படி பெறப்பட்டன. மேனேஜர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தபோது டீச்சர் அந்த அடுக்குமாடிக்குப் போனாள். படியேறிப் போனாள். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபதுகூட இருக்காது. கூடத்தில் கட்டில் இருந்த இடம் மட்டும் தரை வேறு நிறமாக இருந்தது.

டீச்சர் தன் பங்கை மட்டும் சொன்னாள். கன்ட்ரோல் ரூம்காரரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த அம்மா கடைசிவரை கேட்டார். அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"உங்களுக்கு எத்தன மணிக்குத் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு அம்பத்தாறுக்கும்மா."

அவர் மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "அப்ப நான் கீழ லிஃப்டுக்காக நின்னுட்டிருந்தேன். சிலிண்டர் கனம். படியில தூக்க முடியாதுன்னு நின்னேன்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "உள்ள மாட்டிக்கிட்டு இருந்தப்ப அவர் தட்டுறது கேட்டுச்சு. செவுத்துல. முதல்ல வேகமா. அப்புறம் விட்டு விட்டு."

டீச்சரின் கண் கூடத்துச் சுவருக்குப் போனது.

"இத்தன நாளா விதின்னு நெனச்சு ஒரு மாதிரி மனசத் தேத்திட்டு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. "அதையும் எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க வரலம்மா. உங்களுக்குத் தெரியணும்னு..."

"தெரிஞ்சு நான் என்ன பண்ண? யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

டீச்சருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவளும் அதைத்தான் ஒன்றரை மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை, வெளியாள் போனபின் சாத்துவதுபோலத்தான் சாத்தினார்.

வேலையை விட்டுவிடுவாள் என்று அவள் கணவன் எதிர்பார்த்தான். அவள் விடவில்லை. விட்டால் அந்த மேசையில் வேறு யாரையாவது உட்காரவைத்து, மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார் என்று மட்டும் சொன்னாள். வருடக் கடைசியில் விதியை மாற்றினார்கள். கால் மணிக்கு ஒன்று என்பது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஆனது. கடைசிக் கட்டமும் மூன்று சொல்லும் அப்படியே இருந்தன. கம்பம் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. இருந்தாலும் காற்று கொஞ்சம் ஏறினால் அவள் ஆபீசை விட்டு வெளியே போய் மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கன்ட்ரோல் ரூமிலிருந்து புதுக்குரல் ஒன்று எப்போதாவது கூப்பிட்டு, இப்படியே ஓடுமா என்று கேட்கும்.

"எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிடுகிறாள்.